ராத்திரியில் மட்டும் அறுகிற இணைப்பு

தண்டையார்பேட்டையில் தொடங்கி திருவொற்றியூர், எண்ணூர் வரை சரக்குக் கிடங்குகளுக்குப் பஞ்சமே இல்லை. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னரும் அங்கிருந்து வருகிற கன்டெய்னரும் தங்கிப் போகிற இடங்கள் அவை. அப்படி ஒரு கிடங்கை மனத்தில் வைத்துக்கொள்வோம். வாசலில் எடை மேடை. பக்கத்தில் ஒரு கம்பம். கம்பத்தின் உச்சியில் லாரியின் நம்பர் பிளேட்டைப் படம் பிடிக்கும் கேமரா. படம் ஒரு கேபிள் வழியாக அலுவலகச் சுவரில் மாட்டிய இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் சுவிட்சுக்கு வந்து, அங்கிருந்து கணினிக்குப் போகிறது. படம் வந்தால்தான் கேட் பாஸ் அச்சாகும். வராவிட்டால் லாரி நிற்கும். ஒரு லாரி நின்றால் பின்னால் பத்து லாரி நிற்கும்.

எடை மேடையில் ராத்திரி ஷிஃப்ட் பார்ப்பவர் தினமும் புகார் சொல்கிறார். நெட்வொர்க் பார்க்கும் இளைஞர் காலை பத்து மணிக்கு வந்து சோதித்தால் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. "நீ வந்தா மட்டும் நல்லா ஓடுது தம்பி, நீ போனதும் படுத்துக்குது" என்கிறார் அவர். "ராத்திரி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கண்ணே" என்கிறார் இவர். போட்டோவில் என்ன தெரியும்? திரை கறுப்பாக இருப்பது தெரியும். ஏன் கறுத்தது என்பது தெரியாது.

ராத்திரி முழுக்கத் தூங்காமல் அந்தக் கேபிளையே பார்த்துக்கொண்டிருந்தது சுவிட்ச் ஒன்றுதான். அதைப் பேசவைப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

பச்சைத் திரை

இளைஞர் முதலில் திறப்பது நெட்வொர்க் மேலாண்மை மென்பொருளை. தொழிலில் என்.எம்.எஸ். என்பார்கள். கிடங்கில் உள்ள சுவிட்ச், ரவுட்டர், வைஃபை பெட்டி எல்லாம் அதன் திரையில் வரிசையாக இருக்கும்; நலமாக இருப்பவை பச்சை, படுத்துவிட்டவை சிவப்பு.

இந்த வகை மென்பொருளோடு சென்னைக்குப் பழைய உறவு உண்டு. இன்று ஜோஹோ என்று உலகம் அறிந்த நிறுவனம் 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது அதன் சரக்கே இதுதான். நெட்வொர்க் சாதனங்களைத் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு மேலாண்மைக் கருவிகளைச் செய்து விற்றது. 2001 வாக்கில் உலகத் தொலைத்தொடர்புத் துறை சரிந்து, வாங்கும் ஆட்கள் குறைந்தபோது, அலுவலகங்களின் ஐ.டி. பிரிவுகளுக்கே நேரடியாக விற்கும் மேனேஜ்எஞ்சின் வரிசையை 2002-இல் கொண்டுவந்தது. ஜோஹோ கார்ப்பரேஷன் என்ற பெயர் 2009-இல் வந்தது.

நம் கிடங்கின் திரையில் எல்லாம் பச்சை. மென்பொருள் பொய் சொல்லவில்லை. 1988-இல் வரையறுக்கப்பட்ட எஸ்.என்.எம்.பி. என்ற நெறிமுறையில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு சாதனத்தையும் கூப்பிட்டு நலம் கேட்கிறது. கேமரா இணைப்பு ஒவ்வொரு முறையும் அறுவது எட்டு விநாடிதான். 300 விநாடிக்கு ஒருமுறை கேட்கிற கேள்வி அந்த எட்டு விநாடிக்குள் வந்து விழும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. மற்ற நேரமெல்லாம் கேள்வி வரும்போது இணைப்பு மீண்டிருக்கும். பதில்: நலம்.

கேட்டால் மட்டும் பதில் சொல்வது ஒரு முறை. நடந்த நொடியிலேயே தானாக எழுதிவைப்பது இன்னொரு முறை. இரண்டாவதன் பெயர்தான் லாக்.

187-க்குள் என்ன இருக்கிறது?

சுவிட்ச் என்பது திரையும் கீபோர்டும் இல்லாத ஒரு சிறு கணினி. ஒரு துளையில் வருகிற தரவை வேறு துளைக்கு அனுப்புவது அதன் முழுநேர வேலை. அதற்கு இடையே, குறிப்பிடத்தக்கதாக எது நடந்தாலும் ஒரு வரி எழுதுகிறது. துளையில் உயிர் போனது, வந்தது, யாரோ தவறான பாஸ்வேர்டு போட்டார், மின்விசிறி நின்றது, உள்ளே சூடு ஏறியது என்று எல்லாமே ஒவ்வொரு வரி. சிஸ்கோ பாணிச் சுவிட்ச் ஒன்று எழுதிய வரி தமிழ் எழுத்தில் இப்படி இருக்கும்:

‹187› *மார்ச் 6 03:12:41: %லிங்க்-3-அப்டவுன்: கிகாபிட்ஈதர்நெட் 0/14, டவுன்

கடைசிப் பகுதி எளிது: 14-ஆம் துளையின் இணைப்பு விழுந்துவிட்டது. முன்னால் நிற்கும் 187 என்ன? அதை 8-ஆல் வகுங்கள். ஈவு 23, மீதி 3. ஈவு சொல்வது, செய்தி எந்தப் பிரிவிலிருந்து வந்தது என்பதை. மீதி சொல்வது, விஷயம் எவ்வளவு மோசம் என்பதை. ஒரே எண்ணுக்குள் இரண்டு தகவல்.

ஏன் எட்டு? இருமத்தில் மூன்று இலக்கங்களை வைத்து எட்டு நிலைகளைக் குறிக்கலாம். எண்ணின் கடைசி மூன்று இரும இலக்கங்கள் தீவிரத்துக்கு, மீதமெல்லாம் பிரிவுக்கு. நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டையும் எண்ணிச் செலவழித்த காலத்துச் சிக்கனம் இது. 1980-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் என்பவர் மின்னஞ்சலைக் கொண்டுசேர்க்கும் சென்ட்மெயில் என்ற மென்பொருளை எழுதினார். அதன் செய்திகளைக் குறித்துவைக்கத் துணைக்கருவியாகச் செய்ததுதான் சிஸ்லாக். கருவி நன்றாக இருந்ததால் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். முறையான விதி என்று எதுவும் எழுதப்படாமலே உலகம் பல ஆண்டுகள் அதை வைத்து ஓட்டியது. 2001-இல் வந்த ஆர்.எஃப்.சி. 3164 என்ற ஆவணம், நடைமுறையில் எது இருக்கிறதோ அதைப் பார்த்து எழுதிய விவரணைதான். ஒழுங்கான தரவிதி 2009-இல் ஆர்.எஃப்.சி. 5424 ஆக வந்தது. இன்னமும் பிரிவுப் பட்டியலில் 2 என்றால் மின்னஞ்சல். 16 முதல் 23 வரை, அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்ட எண்கள். சிஸ்கோ சாதனங்கள் வழக்கமாக 23-ஐ எடுத்துக்கொள்கின்றன. 187 வந்த கதை இது.

தீவிரத்தின் எட்டு நிலைகள் 0-இல் தொடங்கி 7-இல் முடிகின்றன. 0 எமர்ஜென்சி, 1 அலர்ட், 2 கிரிட்டிக்கல், 3 எரர், 4 வார்னிங், 5 நோட்டீஸ், 6 இன்ஃபர்மேஷன், 7 டீபக். எண் சிறுத்தால் ஆபத்து பெருக்கும். கான்ஃபிகரேஷன் செய்பவர் ஒரு வரம்பு குறிக்கிறார். 4 என்று வைத்தால் 0 முதல் 4 வரை பதிவாகும். 5, 6, 7 காற்றோடு போகும்.

"முக்கியமானது மட்டும் வந்தால் போதும்" என்று வரம்பை 4-இல் வைத்துவிடுவது பலருக்குப் பழக்கம். நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் சிஸ்கோ சாதனங்களில் ஒருவர் உள்ளே நுழைந்து கான்ஃபிகரேஷனை மாற்றினால் வருகிற செய்தியின் நிலை 5. இணைப்பு விழுந்தால் வருவது 3. மத்தியானம் மூன்று மணிக்கு யாரோ ஒரு வரியை மாற்றி, அதனால் மூன்றேகாலுக்கு ஐந்து இணைப்புகள் விழுந்தால், வரம்பு 4-இல் உள்ள சுவிட்ச் ஐந்து இணைப்புகள் விழுந்ததைச் சொல்லும். யார் கை வைத்தார் என்பதைச் சொல்லாது. விளைவு பதிவாகி, காரணம் விடுபடும். பெரும் கோளாறுகளுக்கு முன்னால் நடப்பவை பெரும்பாலும் சாதாரணச் செய்கைகள்தான். சாதாரணம் என்று அவற்றை வடிகட்டிவிட்டால் பின்னால் தேட ஒன்றும் இருக்காது.

அதற்காக 7 வரை திறந்துவிட்டால்? டீபக் நிலையில் சாதனம் தன் ஒவ்வொரு அசைவையும் எழுத ஆரம்பிக்கும். பழைய வழக்கப்படி பெட்டியின் கான்சோல் துளைக்கும் அவ்வளவும் போகும். அந்தத் துளையின் வேகம் விநாடிக்கு 9,600 பிட். ஒரு எழுத்துக்குப் பத்து பிட் என்றால் விநாடிக்கு 960 எழுத்து, அதாவது நூறு எழுத்து வரிகள் பத்துக்குள். விநாடிக்கு ஐந்நூறு வரி உற்பத்தியாகும் இடத்தில் பத்துதான் வெளியேறுகிறது. எழுதுவதிலேயே செயலியின் நேரமெல்லாம் போய், சாதனம் தன் உண்மையான வேலையை விட்டுவிடும். கோளாறைத் தேடப் போய் ரவுட்டரையே கவிழ்த்த கதைகள் இந்தத் தொழிலில் யாரைக் கேட்டாலும் கிடைக்கும். அன்றாடத்துக்கு 6 வைத்து, கான்சோலுக்கு மட்டும் வரம்பைக் குறுக்கி, டீபக்கைத் தேவைப்பட்ட நேரத்தில் ஒரே துளைக்கு மட்டும் திறந்து உடனே மூடுவது நல்ல பழக்கம்.

நாற்பது வரி நினைவு

எழுதிய வரியை எங்கே வைப்பது? முதல் இடம் சுவிட்சின் சொந்த நினைவகம். பல சிஸ்கோ சாதனங்களில் இதற்கு ஒதுக்கியிருக்கும் தொடக்க அளவு 4,096 பைட். வரிக்கு நூறு எழுத்து என்றால் நாற்பது வரி. நிறைந்ததும் பழையதன் மேலேயே புதியது எழுதப்படும்.

ஒரு இணைப்பு அறுந்து மீண்டால் எத்தனை வரி? கம்பியில் உயிர் போனதற்கு ஒன்று, அதன் மேல் ஓடும் நெறிமுறை விழுந்ததற்கு ஒன்று. மீளும்போது இரண்டு. ஆக நான்கு. பத்து முறை அறுந்தால் நாற்பது வரியும் தீர்ந்தது. ராத்திரியில் முப்பது முறை அறுந்திருந்தால், காலையில் இளைஞர் பார்ப்பது கடைசிப் பத்தைத்தான். எப்போது தொடங்கியது என்ற விவரம் அழிந்திருக்கும். நடுவில் கரண்ட் போய் வந்திருந்தால் அந்தப் பத்தும் இல்லை. இந்த நினைவகம் மின்சாரம் உள்ளவரைதான்.

கப்பல்காரர்களுக்கு இந்தச் சங்கடம் நன்றாகத் தெரியும். சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் வரும் பெரிய சரக்குக் கப்பல்களில் பயணத் தரவுப் பதிவுக் கருவி இருக்கும். 2002-லிருந்து பன்னாட்டு விதிகள் இதைப் படிப்படியாகக் கட்டாயமாக்கின. மாலுமி மேடைப் பேச்சு, ரேடார் படம், கப்பலின் திசை, வேகம் எல்லாம் அதில் பதியும். பழைய கருவிகள் 12 மணி நேரப் பதிவைத்தான் வைத்திருக்கும். விபத்து நடந்ததும் யாராவது நினைவாகச் சேமிப்புப் பொத்தானை அழுத்தாவிட்டால், அடுத்த 12 மணி நேரத்தின் வெறும் அலைச்சத்தம் விபத்தின் மேல் ஏறிவிடும். 2014-க்குப் பிறகு பொருத்தப்படும் கருவிகளில் ஒரு பிரதி 30 நாள் இருக்கவேண்டும் என்று விதியை நீட்டியதற்கு இப்படி அழிந்த பதிவுகள் ஒரு பாடம்.

சுவிட்சுக்குப் பரிகாரம் இரண்டு. நினைவகத்தைப் பெரிதாக்குவது ஒன்று. ஒரே ஒரு கட்டளையில் 4,096-ஐ லட்சம் பைட்டுக்கு மேல் ஏற்றலாம். வரியை எழுதிய கையோடு வேறொரு கணினிக்கு, லாக் சர்வருக்கு, அனுப்பிவிடுவது இன்னொன்று.

போய்ச் சேர்ந்ததா?

சிஸ்லாக் வழக்கமாகப் பயணிப்பது யு.டி.பி. முறையில், 514 என்ற வாசல் எண்ணுக்கு. இது அஞ்சலட்டையைப் பெட்டியில் போடுகிற மாதிரி. போட்டதோடு சரி. சேர்ந்ததா என்று ரசீது வராது, சேராவிட்டால் மறுபடி போடுவதும் இல்லை. சாதனத்துக்குச் சுமை குறைவு என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் இதில் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது: நெட்வொர்க் அறுந்துவிட்டது என்ற செய்தி அந்த அறுந்த நெட்வொர்க் வழியாகத்தான் போகவேண்டும்.

கேமரா துளை விழுந்தால் பிரச்சினை இல்லை. சர்வருக்குப் போகும் வழி வேறு. சர்வருக்குப் போகும் துளையே விழுந்தால், மிக முக்கியமான அந்த ஒரு வரி தொலைந்துபோகும். அதனால்தான் உள்ளேயும் ஒரு பிரதி வேண்டும், வெளியேயும் ஒரு பிரதி வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் வரிசை எண் போடச் சொல்லும் வசதியும் உண்டு. சர்வரில் 811-க்கு அடுத்து 815 வந்திருந்தால், நடுவில் மூன்று வரி தொலைந்தது என்பது உறுதி. எது தொலைந்தது என்று தெரியாவிட்டாலும், தொலைந்ததாவது தெரிகிறது.

ஒன்றுமே வராவிட்டால்? எல்லாம் நலம் என்றும் கொள்ளலாம், சாதனம் செத்துவிட்டது என்றும் கொள்ளலாம். பழைய யூனிக்ஸ் கணினிகளில் சிஸ்லாக் நிரல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை "மார்க்" என்ற ஒரே சொல்லை எழுதும். அதில் எந்தச் செய்தியும் கிடையாது. உயிரோடு இருக்கிறேன் என்பது மட்டும்தான். அது நின்ற இடத்தைப் பார்த்தால் எந்த 20 நிமிடத்துக்குள் கணினி விழுந்தது என்று சொல்லிவிடலாம்.

வெளியே அனுப்பிவிடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. திருடன் வந்தால் முதலில் கை வைப்பது லாகில்தான். 1986-இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிளிஃபோர்டு ஸ்டோல் என்ற வானியலாளரிடம் ஒரு சில்லறை வேலை வந்தது. கணினி நேரத்துக்குக் கட்டணம் போடும் இரண்டு கணக்கு நிரல்களுக்கிடையே 75 சென்ட் இடித்தது. அதைத் துரத்திப் போனவர், யாரோ வெளியாள் நுழைந்திருப்பதைக் கண்டார். கணினிக்குள்ளேயே ஒற்று நிரல் வைத்தால் வந்தவன் கண்டுகொள்வான். எனவே அலுவலகத்தில் பிறர் மேசைகளில் இருந்த பிரிண்டர்களையும் டெர்மினல்களையும் ஒரு வார இறுதியில் திரட்டி, உள்ளே வரும் சுமார் 50 தொலைபேசி இணைப்புகளிலும் ஒட்டிவைத்தார். வந்தவன் அடித்த ஒவ்வொரு எழுத்தும் காகிதத்தில் ஏறியது. காகிதத்தைத் தொலைவிலிருந்து அழிக்க முடியாது. தடம் ஜெர்மனியின் ஹனோவர் நகரில், சோவியத் உளவுத்துறைக்குத் தகவல் விற்ற மார்கஸ் ஹெஸ் என்பவரிடம் போய் நின்றது. லாகைத் தனி சர்வருக்கு அனுப்புவது என்பது, ஸ்டோல் காகிதத்தில் செய்ததை நாம் கேபிளில் செய்வதுதான்.

மார்ச் 6 என்பது எந்த நாள்?

நம் வரிக்குத் திரும்புவோம். கேமரா தொல்லை நடந்தது ஆகஸ்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரியில் மார்ச் 6 எப்படி வந்தது? பல சுவிட்சுகளுக்குள் பேட்டரி கடிகாரம் கிடையாது. மின்சாரம் வந்ததும், 1993 மார்ச் 1 நள்ளிரவு என்று தொடங்கி எண்ண ஆரம்பிக்கும். மார்ச் 6 என்றால் சுவிட்ச் எழுந்து ஐந்து நாள் ஆகிறது, அவ்வளவுதான். தேதிக்கு முன்னால் உள்ள நட்சத்திரக் குறியைக் கவனித்தீர்களா? இந்த நேரத்தை நம்பாதே என்று சாதனமே போட்டுக்கொடுக்கும் குறி அது.

பரிகாரம் என்.டி.பி. டேவிட் மில்ஸ் என்ற அமெரிக்கர் வடிவமைத்து 1985-இல் ஆவணப்படுத்திய இந்த முறையின் கணக்கு அழகானது. என் கடிகாரத்தில் 10:00:00.000 என்றிருக்கும்போது சர்வரிடம் மணி கேட்கிறேன். கேள்வி போய்ச் சேரும்போது சர்வரின் கடிகாரத்தில் 10:00:05.020. அது உடனே பதில் அனுப்புகிறது. பதில் என்னிடம் வரும்போது என் கடிகாரத்தில் 10:00:00.040. போகும்போது கண்ட வித்தியாசம் 5.020, வரும்போது கண்டது 4.980. சராசரி 5.000. என் கடிகாரம் சரியாக ஐந்து விநாடி பின்தங்கியிருக்கிறது. வழியில் கழிந்த நேரம், போக வர ஒரே அளவாக இருக்கும்வரை, கணக்கிலிருந்து தானாகக் கழன்றுகொள்கிறது.

ஆனால் என்.டி.பி. கொண்டுவருவது உலகப் பொது நேரத்தை. இந்தியாவுக்கு அதிலிருந்து 5:30 கூட்டவேண்டும் என்பதை ஒவ்வொரு சாதனத்திலும் மனிதர்தான் எழுதவேண்டும். 3164 பாணி வரியிலோ ஆண்டும் கிடையாது, நேர மண்டலமும் கிடையாது. வெறும் 17:40 என்று இருந்தால் அது இந்திய நேரமா உலக நேரமா என்று வரியைப் பார்த்துச் சொல்ல வழியில்லை.

ஊருக்கு ஊர் நேரம் வேறுபட்டால் வரும் குழப்பத்தை இந்தியாவில் முதலில் அனுபவித்தவை ரயில்வேயும் தந்தியும். தண்டையார்பேட்டைக்குப் பக்கத்து ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது 1856 ஜூலை 1-ஆம் தேதி. ரயில் பாதைகள் ஒன்றோடொன்று சேர்ந்ததும், பம்பாய் நேரம், கல்கத்தா நேரம் என்று தனித்தனியாக ஓட முடியவில்லை. இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில் இருந்தது மதராஸ் நேரம், கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னே. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் நிலைபெற்ற வானாய்வகம் கணித்துக் கொடுத்த அந்த நேரத்தையே இந்திய ரயில்கள் ஏற்றன. 5:30 என்ற இந்தியப் பொது நேரம் 1906 ஜனவரி 1-ஆம் தேதிதான் வந்தது.

அந்த மதராஸ் நேரம் மறைந்துவிடவில்லை. உலகின் கணினிகளும் ஃபோன்களும் பயன்படுத்தும் நேர மண்டலத் தரவுத்தளத்தில் இந்தியாவுக்கான பகுதியைத் திறந்தால், 5:21:10, எம்.எம்.டி., 1906 வரை என்று ஒரு வரி இருக்கிறது. மதராஸ் மீன் டைம். நம் கிடங்கின் லாக் சர்வருக்குள்ளும் அது உட்கார்ந்திருக்கிறது.

உப்பு

இளைஞர் எல்லாவற்றையும் செய்தார். வரம்பை 6-க்கு ஏற்றினார், நினைவகத்தைப் பெரிதாக்கினார், சர்வருக்கு அனுப்பவைத்தார், என்.டி.பி. கொடுத்தார். நேர மண்டலத்தை மட்டும் விட்டுவிட்டார். ஒரு வாரத்தில் ஒழுங்கான படம் கிடைத்தது: 14-ஆம் துளை தினமும் 17:40 வாக்கில் அறுக ஆரம்பித்து 02:30 வாக்கில் அடங்குகிறது. சாயங்காலம் ஐந்து நாற்பது. டிரெய்லர்கள் குவியும் நேரம். எடை மேடை அதிர்கிறது, கம்பம் ஆடுகிறது, கேபிள் தளர்கிறது. கச்சிதமான விளக்கம். கம்பத்துக்குப் புது கிளாம்ப் போட்டார்கள். ஒரு பலனும் இல்லை.

"சாயங்காலம் எல்லாம் நல்லாத்தானே ஓடுது. பதினொண்ணுக்கு மேலதான் தம்பி ஆரம்பிக்குது" என்றார் எடை மேடைக்காரர். 17:40-உடன் 5:30 கூட்டினால் 23:10. 02:30-உடன் கூட்டினால் காலை 8:00. லாரிகளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ராத்திரி பதினொன்றுக்கு வந்து, வெயில் ஏறியதும் போகிற பொருள் எது? ஈரம்.

கடற்கரையோரக் காற்றில் உப்புத்துகள் உண்டு. அது எல்லாவற்றின் மேலும் படியும். சோற்று உப்புக்கு ஒரு குணம்: காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். சென்னைக் கரையோரத்தில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுகிறது. பகல் வெயிலில் இறங்குகிறது. கேமராவுக்குப் பின்னால் உள்ள ஆர்ஜே-45 இணைப்பியில் எட்டு ஊசிகள், ஒன்றுக்கொன்று இடைவெளி ஒரு மில்லிமீட்டர். அந்த இடைவெளியில் ராத்திரியில் உப்புநீர்ப் படலம். போதாததற்கு, கேமராவுக்கு மின்சாரமும் இதே கேபிளில்தான் போகிறது, சுமார் 48 வோல்ட் நேர்மின்னோட்டமாக. உப்புநீரும் நேர்மின்னோட்டமும் சேர்ந்தால் உலோகம் மின்பகுப்பில் அரிபடும். கழற்றிப் பார்த்தால் தங்க முலாம் தேய்ந்து, நடு ஊசிகள் இரண்டில் பச்சை பூத்திருக்கும். காலை பத்து மணிக்கு அது காய்ந்துபோய் நல்ல பிள்ளையாக நிற்கும்.

இணைப்பியை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்து, நீர்புகா உறை போட்டால் தீர்ந்தது. முப்பது ரூபாய் இணைப்பியைக் கண்டுபிடிக்க விடாமல் இத்தனை நாள் தடுத்தது எழுதாமல் விட்ட ஒரு வரி கான்ஃபிகரேஷன். லாக் பொய் சொல்லவில்லை. அது எந்த ஊர் மணியைச் சொல்கிறது என்று யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நூற்றெண்பது நாள்

கிடங்குக் கேமராவுக்கு மட்டும் உரிய சங்கதி இல்லை இது. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தோடு தொடர்புடைய கணினியில் தீநிரல் புகுந்ததாகச் செய்தி வந்தபோது, இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30-ஆம் தேதி அதை ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4-ஆம் தேதியே கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் தகவல் தந்தது என்றும், பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்கான நெட்வொர்க்கில் இருந்த ஒரு கணினி, நிலையத்தின் முக்கிய உள்நெட்வொர்க் தனியாக இருக்கிறது என்றும் விளக்கியது. இப்படிப்பட்ட விசாரணை எதிலும் இரண்டு கேள்விகள் எழும்: எங்கெல்லாம் தொட்டது, எங்கெல்லாம் தொடவில்லை? இரண்டாவதை நிரூபிக்க, ஒன்றும் நடக்காத இடங்களின் லாகும் வேண்டும்.

2022 ஏப்ரல் 28-ஆம் தேதி செர்ட்-இன் பிறப்பித்த ஆணை இந்தத் தேவையைச் சட்டமாக்கியது. நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக் எல்லாவற்றையும் இயக்கிவைக்க வேண்டும். 180 நாள் பதிவைப் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும். கடிகாரங்களைத் தேசிய தகவலியல் மையம் அல்லது புதுடெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு இணைக்க வேண்டும். தாக்குதல் தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும்.

180 நாள் என்றதும் மலைக்க வேண்டாம். நாற்பது சாதனங்கள், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஒரு வரி, வரிக்கு 150 பைட் என்றால் ஒரு நாளைக்கு 9 எம்.பி.கூட இல்லை. 180 நாளைக்கு ஒன்றரை ஜி.பி. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். ஒவ்வொரு இணைப்பையும் எழுதும் ஃபயர்வால் வந்தால்தான் கதை மாறும். விநாடிக்கு 500 வரி, வரிக்கு 300 பைட் என்றால் ஒரு நாளைக்கு 13 ஜி.பி., 180 நாளைக்கு 2.3 டி.பி. எதை எழுதுவது, எதை விடுவது என்ற முடிவு வட்டு விலையோடு மோதும் இடம் அது.

எந்த முடிவானாலும் எடுக்க வேண்டியது கோளாறுக்கு முன்னால்தான். அறுந்த பிறகு வரம்பை மாற்றலாம், கடிகாரத்தைத் திருத்தலாம், சர்வர் வாங்கலாம்; அறுந்த அந்த எட்டு விநாடியைத் திரும்ப எழுதவைக்க முடியாது.

உங்கள் அலுவலகத்து ஏற்பாட்டைச் சோதிக்க மென்பொருள் எதுவும் வேண்டாம். முக்கியமில்லாத ஒரு துளையின் கேபிளைப் பிடுங்குங்கள். கைக்கடிகாரத்தில் மணி பார்த்துக் குறித்துக்கொண்டு, பத்து வரை எண்ணி, திரும்பச் சொருகுங்கள். பிறகு லாக் சர்வரைத் திறந்து தேடுங்கள். விழுந்ததற்கு இரண்டு, எழுந்ததற்கு இரண்டு என்று நான்கு வரி இருக்கிறதா? அவற்றில் உள்ள மணி உங்கள் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போகிறதா? நான்குக்குப் பதில் இரண்டே இருந்தால் வரம்பைப் பாருங்கள். ஐந்தரை மணி நேரம் இடித்தால் நேர மண்டலத்தைப் பாருங்கள். ஒன்றுமே வராவிட்டால் சர்வரின் முகவரியில் தொடங்குங்கள். சரிசெய்துவிட்டு, மறுபடி பிடுங்குங்கள்.